உயிரின் கிளைகள் – 9: இல்லாமை ஓர் உறவாகுமா?

சென்ற வாரம் ராபர்ட் விட்டேக்கரின் ஐந்து உலகங்களோடு நிறுத்தியிருந்தோம். 1735இல் லின்னேயஸ் உயிர்களைத் தாவரம், விலங்கு என இரண்டாகப் பிரித்தார். 1866இல் ஹெக்கல், இரண்டிலும் அடங்காத நுண்ணுயிர்களுக்கு மூன்றாவது இடம் ஒதுக்கினார். 1938இல் கோப்லாண்ட் பாக்டீரியாக்களைத் தனியே எடுத்து நான்காக்கினார். 1969இல் விட்டேக்கர் பூஞ்சைகளைத் தாவரங்களிடமிருந்து விடுவித்து ஐந்தாக்கினார். மொனிரா, புரோட்டிஸ்டா, பூஞ்சை, தாவரம், விலங்கு என்று நம் பள்ளிப் பாடநூல்களில் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் பட்டியல் அதுதான்.

அந்தப் பட்டியல் வெளிவந்து எட்டே ஆண்டுகளில் அதன் அடித்தளம் ஆட்டம் கண்டது. ஆட்டியவர் தாவரவியல் படித்தவர் அல்லர், விலங்கியல் படித்தவரும் அல்லர். இயற்பியலிலிருந்து உயிரியலுக்கு வந்தவர். அவர் புதிய உயிரினம் எதையும் கண்டுபிடிக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவர் ஆராய்ந்த நுண்ணுயிர்கள் ஆய்வகங்களுக்கு ஏற்கெனவே பழக்கமானவை. அவை வெளியிடும் வாயுவைச் சதுப்பு நீரில் குமிழியாகப் பிடித்து அலெஸாண்ட்ரோ வோல்டா எரித்துப் பார்த்தே இருநூறு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர் புதிதாகக் கொண்டுவந்தது ஒரு கண்டிப்பான கேள்வி. ஓர் உயிர் எப்படி இருக்கிறது, எது அதனிடம் இல்லை என்றெல்லாம் பார்க்காமல், அது யார் வழி வந்தது என்று மட்டும் கேட்டால் உயிருலகம் எத்தனை பிரிவாகப் பிரியும்? அந்தக் கேள்வியைக் கடைசிவரை விடாமல் பிடித்ததில்தான் மூன்றாவது பெரும்பிரிவு பிறந்தது. அந்தப் பிடிவாதம் நியாயமானதுதானா என்பதே இந்த அத்தியாயத்தின் வழக்கு.

அல்லாதவற்றின் கூட்டம்

விட்டேக்கரின் ஐந்து உலகங்களுக்கும் அடியில் அவற்றைவிட ஆழமான ஒரு கோடு ஓடியது. செல்லுக்குள் சவ்வு போர்த்திய உட்கரு உண்டா, இல்லையா என்ற கோடு. பிரெஞ்சு உயிரியலாளர் எடுவார் ஷத்தோன் 1920களில் உட்கரு உள்ளவற்றை யூகேரியோட்டுகள் என்றும், இல்லாதவற்றைப் புரோகேரியோட்டுகள் என்றும் குறித்தார். அப்போது அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மின்னணு நுண்ணோக்கி வந்து செல்லின் உள்ளறைகளைத் திறந்து காட்டிய பிறகு, 1962இல் ரோஜர் ஸ்டேனியரும் வான் நீலும் அந்தப் பெயர்களைத் தூசு தட்டி எடுத்து, பாக்டீரியா என்றால் என்ன என்ற நெடுநாள் கேள்விக்கு விடையாக முன்வைத்தார்கள். யானை, ஆலமரம், காளான், அமீபா எல்லாம் கோட்டுக்கு இந்தப் பக்கம். பாக்டீரியாக்களும் நீலப்பசும்பாசிகளும் அந்தப் பக்கம். அந்தக் கோடு கற்பனை அல்ல. செல்லின் அமைப்பில் அவ்வளவு பெரிய இடைவெளி வேறெங்கும் இல்லை.

சிக்கல் வேறிடத்தில் இருந்தது. இந்தப் பக்கத்தில் உள்ளவற்றை இணைப்பது ஓர் உடைமை: உட்கரு, அதற்குள் அடுக்கிய குரோமோசோம்கள், மைட்டோகாண்ட்ரியா. சிக்கலான ஓர் அமைப்பு பல உயிர்களில் ஒரேபோல இருந்தால், அவை அதை ஒரே மூதாதையிடமிருந்து பெற்றன என்று ஊகிக்க இடமிருக்கிறது. அந்தப் பக்கத்தில் உள்ளவற்றை இணைத்ததோ ஓர் இன்மை. உட்கரு இல்லை, மைட்டோகாண்ட்ரியா இல்லை, நம் செல்களைப் போன்ற பிரிதல் முறை இல்லை. ஒன்றில்லாத இரண்டு பேர் உறவினர் ஆகிவிட மாட்டார்கள். லாமார்க் காலத்திலிருந்து முதுகெலும்பற்றவை என்ற பெயரில் எறும்பையும் கணவாயையும் மண்புழுவையும் ஒன்றாகப் பேசி வருகிறோம். பேசுவதற்கு அது வசதி. ஆனால் முதுகெலும்பு இல்லை என்பதால் கணவாய்க்கு எறும்பு பங்காளி என்று எந்த விலங்கியலாளரும் சொல்ல மாட்டார். முதுகெலும்பற்ற நட்சத்திர மீன், எறும்பைவிட நமக்கே நெருங்கிய உறவு. விலங்குகளில் எல்லோருக்கும் தெரிந்திருந்த இந்த எச்சரிக்கை பாக்டீரியாக்களிடம் வந்ததும் மறந்துபோனது.

மறந்ததற்குக் காரணம் உண்டு. குச்சி, உருண்டை, சுருள் என்று பாக்டீரியாக்களுக்கு வாய்த்த வடிவங்களே சில. எலும்பு இல்லை, பூ இல்லை. வம்சம் சொல்லும்படியான புதைபடிவமும் அரிது. என்ன தின்கிறது, எந்தச் சாயத்தை ஏற்கிறது என்று சோதித்தால் கிடைக்கும் விடைகள் ஒன்றுக்கொன்று முரண்படும். 1941இல் பாக்டீரியாக்களின் வம்சாவளிக்கு ஒரு வரைவு தந்தவர்கள் இதே ஸ்டேனியரும் வான் நீலும்தான். 1962க்குள் அந்த முயற்சியில் அவர்களே நம்பிக்கை இழந்திருந்தார்கள். வம்சாவளி கைக்கு எட்டாது என்று ஆனபோது, புரோகேரியோட் என்ற ஒற்றைச் சொல்லில் எல்லாவற்றையும் போட்டு மூடியது ஒரு தற்காலிக ஏற்பாடு. தற்காலிக ஏற்பாடுகளுக்கு ஒரு குணம் உண்டு. பத்து ஆண்டு கேள்வி கேட்காமல் விட்டால் அவை உண்மையாகிவிடும்.

எல்லோரிடமும் இருக்கும் ஏடு

கார்ல் வோஸ் 1928இல் நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரில் பிறந்தவர். ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரியில் இயற்பியல், யேல் பல்கலைக்கழகத்தில் உயிரியற்பியல் முனைவர் பட்டம், ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஆய்வகத்தில் சில ஆண்டுகள் என்று சுற்றிவிட்டு, 1964இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் அர்பானா வளாகத்துக்கு வந்து சேர்ந்தார். அவருடைய ஆசை வகைப்பாட்டின் மேல் இல்லை. மரபுக் குறியீட்டைப் படித்துப் புரதம் தயாரிக்கும் இயந்திரம் முதலில் எப்படித் தோன்றியது என்பதே அவரை அரித்துக்கொண்டிருந்தது. அதற்கு விடை தேட உயிர்கள் அனைத்தையும் உள்ளடக்கிய ஒரு வம்ச மரம் வேண்டும். விலங்குகளுக்கும் செடிகளுக்கும் அரைகுறையாகவாவது அப்படியொன்று இருந்தது. பூமியின் வரலாற்றில் பெரும்பகுதியை ஆக்கிரமித்திருந்த பாக்டீரியாக்களுக்கு இல்லை. இல்லையென்றால் நாமே செய்வோம் என்று இறங்கினார்.

மூலக்கூறுகளில் வம்ச வரலாறு எழுதப்பட்டிருக்கிறது என்ற கருத்து அவருடையது அல்ல. 1958இல் பிரான்சிஸ் கிரிக் அதைக் கோடிட்டுக் காட்டியிருந்தார். 1965இல் ட்சுக்கர்காண்டலும் லைனஸ் பாலிங்கும் விரிவாகவே எழுதியிருந்தார்கள். ஏடு பெயர்த்து எழுதியவர் செய்த பிழை அடுத்தடுத்த பிரதிகளிலும் தொடர்வதைப் பார்த்து, எந்தச் சுவடி எதன் வழி வந்தது என்று பதிப்பாசிரியர் கணிப்பதில்லையா? தலைமுறைதோறும் பெயர்த்து எழுதப்படும் மரபுப் பொருளிலும் அதே கணக்குதான். ஆனால் எந்த ஏட்டைப் பார்ப்பது? ஹீமோகுளோபினைப் பார்த்தால் விலங்குகளோடு கதை ஏறக்குறைய முடிந்துவிடும். வோஸ் தேர்ந்தெடுத்தது புரதம் தயாரிக்கும் இயந்திரமான ரைபோசோமின் சிறிய பகுதிக்குள் இருக்கும் ஆர்.என்.ஏ. மூலக்கூறு, பாக்டீரியாக்களில் அதற்கு 16எஸ் என்று பெயர், நீளம் ஏறத்தாழ 1,540 எழுத்துகள். ரைபோசோம் இல்லாத செல் உலகில் இல்லை. எல்லாச் செல்லிலும் அதற்கு ஒரே வேலை. பல புரதங்களோடு நெருக்கமாகப் பின்னிக்கிடப்பதால் அது கண்டபடி மாற முடியாது. மிக மெதுவாக மாறும். கோடிக்கணக்கான ஆண்டுகளின் உறவை அளக்க அப்படி மெதுவாக நகரும் கடிகாரம்தான் வேண்டும். இந்தத் தேர்வில்தான் வோஸின் மேதைமை இருக்கிறது என்பேன், மற்றதெல்லாம் உழைப்பு.

உழைப்பு சாதாரணமானது அல்ல. முழு மூலக்கூறையும் எழுத்து எழுத்தாக வாசிக்கும் வசதி அன்று இல்லை. நுண்ணுயிருக்குக் கதிரியக்கப் பாஸ்பரஸை ஊட்டி வளர்க்க வேண்டும். அதன் ரைபோசோம் ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து, ‘ஜி’ என்ற எழுத்து வரும் இடங்களில் மட்டும் வெட்டும் ஒரு நொதியால் துண்டுகளாக்க வேண்டும். துண்டுகளைத் தாளில் ஏற்றி மின்புலத்தில் இரண்டு திசையில் நகர்த்தினால் நீளத்துக்கும் எழுத்துக்கும் ஏற்ப அவை பரவி நிற்கும். மேலே எக்ஸ்ரே ஃபிலிமை வைத்தால் கதிரியக்கம் கரும்புள்ளிகளாகப் பதியும். பிரெடெரிக் சேங்கர் உருவாக்கிய முறை இது. வோஸ் அந்த ஃபிலிம்களை விளக்குப் பலகையில் பரப்பி, ஒவ்வொரு புள்ளியும் எந்த எழுத்துத் துண்டு என்று கண்டறிந்து, ஒவ்வோர் உயிருக்கும் ஒரு துண்டுப் பட்டியல் தயாரித்தார். ஆறு எழுத்தோ அதற்கு மேலோ உள்ள துண்டுகள் இரண்டு உயிர்களில் பொதுவாக எத்தனை இருக்கின்றன என்பதே அவற்றின் உறவுக்கு அளவு. இப்படி ஆண்டுக்கணக்கில் புள்ளிகளை வெறித்துப் பார்த்ததில், பாக்டீரியா என்றால் இந்த இந்தத் துண்டுகள் கட்டாயம் இருக்கும் என்பது அவர் கண்ணில் ஏறிவிட்டது. உலகில் அந்தக் கண் அப்போது வேறு யாருக்கும் வாய்க்கவில்லை.

ஜூன் 1976

வோஸ் வேலை பார்த்த அதே துறையில் ரால்ஃப் வுல்ஃப் என்பவர் மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்களை ஆராய்ந்துவந்தார். மாட்டின் இரைப்பையிலும் சாக்கடைக் கழிவிலும் சதுப்பு நிலத்திலும் வாழ்பவை அவை. நெல் வயலின் சேற்றிலிருந்து மீத்தேன் எழுவதும், சாண எரிவாயுக் கலத்தில் அடுப்பெரிக்கும் வாயு சேர்வதும் இந்தக் கூட்டத்தின் வேலையே. ஹைட்ரஜனையும் கரியமில வாயுவையும் சேர்த்துப் பிழைப்பு நடத்தும் இவற்றுக்கு ஆக்ஸிஜன் நஞ்சு. காற்றுப் படாமல் வளர்ப்பதே பெரும்பாடு. அதிலும் கதிரியக்கப் பாஸ்பரஸ் கலந்து, யாருக்கும் ஆபத்தில்லாமல் வளர்ப்பது எப்படி? வுல்ஃபின் மாணவர் வில்லியம் பால்ச் இறுக்கி அடைத்த கண்ணாடிக் குப்பிகளுக்குள் வாயுவை அழுத்தத்தோடு செலுத்தி வளர்க்கும் வழியைக் கண்டுபிடித்தார். அந்த எளிய கருவி இல்லையென்றால் இந்த அத்தியாயமே இல்லை. பெரிய கருத்துகளின் வரலாற்றை எழுதுபவர்கள் குப்பிகளையும் மூடிகளையும் மறந்துவிடுவது வழக்கம்.

முதல் மீத்தேன் நுண்ணுயிரின் ஃபிலிம் 1976 ஜூனில் தயாரானது. வோஸ் அதை விளக்குப் பலகையில் போட்டார்.

இருக்க வேண்டிய புள்ளிகள் இல்லை.

பாக்டீரியாவுக்குக் கட்டாயம் என்று அவர் கருதியிருந்த துண்டுகள் அதில் காணப்படவில்லை. அப்படியானால் உட்கரு உள்ள செல்லின் கலப்படமோ? அவற்றுக்கு உரிய துண்டுகளோடும் இது பொருந்தவில்லை. தவறான ஆர்.என்.ஏ.வைப் பிரித்துவிட்டோமோ என்ற சந்தேகத்தில் சோதனையைத் திரும்பச் செய்தார்கள். அதே விடை. இவை பாக்டீரியாவே இல்லை என்று வோஸ் சொன்னபோது, நுண்ணோக்கியில் பார்க்கப் பாக்டீரியா போலத்தானே இருக்கின்றன என்று தான் எதிர்வாதம் செய்ததை வுல்ஃப் பின்னாளில் எழுதியிருக்கிறார். இரண்டு அறிவியலாளர்களுக்கு இடையே நடந்த அந்தச் சிறு உரையாடலில், அடுத்த இருபது ஆண்டு விவாதம் முழுவதும் சுருங்கிக் கிடக்கிறது. ஒருவர் வம்சத்தைப் பற்றிப் பேசுகிறார். மற்றவர் தோற்றத்தைப் பற்றிப் பேசுகிறார்.

மூன்று பக்கங்கள்

ஜார்ஜ் ஃபாக்ஸோடு சேர்ந்து வோஸ் எழுதிய கட்டுரை 1977 நவம்பரில் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் வந்தது. மொத்தம் மூன்றே பக்கம். நடுநாயகமாக ஓர் அட்டவணை, அதில் பதின்மூன்று வரிசைகள். ஈஸ்ட், குளத்தில் மிதக்கும் சிறு செடியான லெம்னா, எலியின் செல் என்று மூன்று உட்கரு உள்ளவை. ஈ. கோலை முதலான பாக்டீரியாக்கள் ஒரு கூட்டம். மீத்தேன் நுண்ணுயிர்கள் நான்கு. முற்றிலும் ஒத்திருந்தால் 1, ஒன்றுமே ஒத்திராவிட்டால் 0 என்ற அளவில், ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் ஒப்பிட்ட எண்கள். கூட்டத்துக்குள் எண்கள் உயர்ந்து நிற்கின்றன. ஒரு கூட்டத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவினால் 0.1 அளவுக்கு விழுந்துவிடுகின்றன. ஈ. கோலைக்கும் எலிக்கும் எவ்வளவு தூரமோ, ஏறக்குறைய அவ்வளவு தூரம் ஈ. கோலைக்கும் மீத்தேன் நுண்ணுயிருக்கும். உட்கரு இல்லாதவர்களின் கூட்டம் என்று நினைத்திருந்தது, ஒன்றையொன்று அறியாத இரண்டு குலங்கள்.

பலர் கவனிக்காமல் கடந்துபோகும் ஒரு வரிசை அந்த அட்டவணையில் இருக்கிறது. லெம்னா இரண்டு இடத்தில் வருகிறது. செடியின் செல்லுக்கு உரிய ரைபோசோம் ஆர்.என்.ஏ. ஈஸ்டோடும் எலியோடும் நிற்கிறது. அதே செடியின் பசுங்கணிகத்துக்குள் இருக்கும் ஆர்.என்.ஏ. பாக்டீரியாக்களோடு போய்ச் சேர்ந்துகொள்கிறது. செடிக்குள் குடியேறிய பாக்டீரியாதான் பசுங்கணிகம் என்று 1967 முதல் லின் மார்குலிஸ் வாதாடி வந்ததற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. வோஸின் அளவுகோல் நம்பத் தகுந்ததா என்று கேட்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடமும் இதுதான். ஒரே செடிக்குள் ஒளிந்திருக்கும் இரண்டு வம்சங்களை அது பிரித்துக் காட்டிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், ஐந்து உலக வகைப்பாட்டுக்காக வோஸை எதிர்த்து நின்றவர்களில் மார்குலிஸும் ஒருவர்.

தொலைபேசி மணி

கட்டுரைக்கு நிதி தந்த நாசாவும் தேசிய அறிவியல் அறக்கட்டளையும் பத்திரிகைகளுக்குச் செய்தி கொடுத்தன. 1977 நவம்பர் 3 அன்று ‘நியூயார்க் டைம்ஸ்’ முதல் பக்கத்தில் மூன்றாவது உயிர்வகை பற்றிய செய்தி வந்தது. அன்று வுல்ஃபின் தொலைபேசி ஓயவில்லை. அழைத்தவர்களில் நோபல் பரிசு பெற்ற சால்வடோர் லூரியாவும் ஒருவர். இந்த அபத்தத்திலிருந்து உடனே விலகிக்கொள், இல்லாவிட்டால் உன் பெயர் கெட்டுவிடும் என்பது அவருடைய எச்சரிக்கை. தரவுகள் இதழில் வந்திருக்கின்றன, படித்துப் பாருங்கள் என்று வுல்ஃப் சொல்ல, இதழ் இப்போதுதான் மேசைக்கு வந்திருக்கிறது என்றாராம் லூரியா. வுல்ஃப் தானே பதிவு செய்த நிகழ்ச்சி இது.

இதைப் படித்ததும் படிக்காமலே தீர்ப்பளித்த பெரியவர் என்று லூரியாவை ஏளனம் செய்யத் தோன்றும். அது பாதி நியாயம்தான். சக ஆய்வாளர்கள் வாசித்து எடைபோடும் முன்பே ஒரு பெரும் உரிமைகோரல் நாளிதழின் முதல் பக்கத்துக்கு வந்தால் சந்தேகப்படுவது அறிவியலாளரின் கடமை. தவிர, எதிர்த்தவர்கள் கையில் உண்மையான கேள்வி ஒன்று இருந்தது. ஒரே ஒரு மூலக்கூறு. அதுவும் முழுதாக அல்ல, துண்டுகளாக. அதை வாசிக்கத் தெரிந்த ஆய்வகம் உலகத்தில் ஏறக்குறைய ஒன்று. இதை வைத்து உயிருலகையே மூன்றாகப் பிளப்பதா? மீத்தேன் நுண்ணுயிர்களில் இந்த மூலக்கூறு மட்டும் ஏதோ காரணத்தால் வேகமாக மாறியிருக்கலாம் அல்லவா? மிகச் சரியான ஆட்சேபம். இதற்குத் தர்க்கத்தால் பதில் சொல்ல முடியாது. வேறு சான்று வேண்டும். ரைபோசோமோடு சம்பந்தமே இல்லாத உறுப்புகளிலும் அதே பிளவு தெரிந்தால்தான் வோஸ் தப்பிக்க முடியும்.

ஜெர்மனியிலிருந்து வந்த சாட்சி

சான்று வந்தது. முனிச் நகரில் ஓட்டோ காண்ட்லர் பாக்டீரியாக்களின் செல் சுவரை ஆராய்வதில் தேர்ந்தவர். பாக்டீரியாக்களின் சுவர் பெப்டிடோகிளைக்கான் என்ற வலைப்பின்னலால் ஆனது. பென்சிலின் அந்தச் சுவரைக் கட்டவிடாமல் தடுத்துத்தான் கொல்கிறது. மீத்தேன் நுண்ணுயிர்களிலும், உப்பு விரும்பிகளான சிலவற்றிலும் அந்தப் பொருள் இல்லை என்பது காண்ட்லருக்குத் தெரிந்தது. வோல்ஃப்ராம் ட்சிலிக் என்ற இன்னொரு ஜெர்மானியர் டி.என்.ஏ.வைப் பார்த்து ஆர்.என்.ஏ.வை எழுதும் நொதியை ஆராய்ந்தார். உப்பு விரும்பிகளிலும் வெந்நீர் ஊற்றில் வாழும் சல்ஃபோலோபஸிலும் அந்த நொதி பாக்டீரியாவினுடையதைப் போல இல்லாமல், நம் உட்கருவில் இருப்பதை ஒத்திருந்தது. சுவர் வேறு, நொதி வேறு, ரைபோசோம் வேறு. மூன்றும் ஒரே இடத்தில் கோடு போட்டன. அமெரிக்காவில் வோஸைப் பலர் ஏறெடுத்துப் பார்க்காத அந்தக் காலத்தில், 1981இல் இந்த நுண்ணுயிர்களுக்கென்றே முதல் மாநாடு முனிச்சில் கூடியது.

ஆனால் என் கணிப்பில் இந்த வழக்கைத் தீர்த்துவைத்த சான்று கொழுப்பு. பாக்டீரியாவாகட்டும் மனிதனாகட்டும், செல் சவ்வின் கொழுப்புகளில் நேரான கொழுப்பு அமிலச் சங்கிலிகள் எஸ்டர் பிணைப்பால் கோக்கப்பட்டிருக்கும். உப்பு விரும்பிகளில் அப்படி இல்லை, கிளைவிட்ட சங்கிலிகள் ஈதர் பிணைப்பால் கோக்கப்பட்டிருக்கின்றன என்பது 1960களிலேயே தெரியும். உப்பளப் பாத்திகளை உப்பு விளையும் பருவத்தில் செந்நிறமாக்குபவை இவற்றைச் சேர்ந்தவைதான். தூத்துக்குடிப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பார்கள். எரியும் நிலக்கரிக் கழிவுக் குவியலில் கிடைத்த தெர்மோபிளாஸ்மாவிலும், யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுகளிலிருந்து தாமஸ் பிராக் 1972இல் விவரித்த சல்ஃபோலோபஸிலும் அதே விசித்திரக் கொழுப்பு. ஒவ்வொரு முறையும் ஒரே விளக்கம் சொல்லப்பட்டது: கடும் உப்பு, கடும் அமிலம், கடும் வெப்பம், தாக்குப்பிடிக்கச் சவ்வைத் தனித்தனியே மாற்றிக்கொண்டிருக்கின்றன. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. பிறகு 1970களின் கடைசியில் மீத்தேன் நுண்ணுயிர்களின் கொழுப்பைப் பார்த்தார்கள். அங்கும் அதே ஈதர் பிணைப்பு, அதே கிளைச் சங்கிலி. மாட்டின் வயிற்றில் கொதிநீர் ஏது, அமில ஊற்று ஏது? சூழலுக்கு ஏற்ற மாற்றம் என்ற விளக்கம் அந்த இடத்தில் உடைந்துபோகிறது. உப்பளம், எரியும் கரிக்குவியல், வெந்நீர் ஊற்று, மாட்டு வயிறு: இந்த நான்கு இடங்களுக்கும் பொதுவாகச் சூழல் எதுவும் இல்லை. மிஞ்சுவது உறவு ஒன்றுதான். ரைபோசோம் ஆர்.என்.ஏ.வும் இந்த நான்கையும் ஒரே கூட்டத்தில் சேர்த்தது.

மேயரின் மறுப்பு

1990இல் வோஸ், காண்ட்லர், மார்க் வீலிஸ் மூவரும் உலகங்களுக்கும் மேலே டொமைன் என்றொரு படியை அமைத்தார்கள். பாக்டீரியா, மீத்தேன் நுண்ணுயிர்களும் உப்பு விரும்பிகளும் அடங்கிய ஆர்க்கியா, உட்கரு உள்ள யூகேரியா என மூன்று டொமைன்கள். யானையும் ஆலமரமும் காளானும் சேர்ந்து ஒன்றில் அடக்கம்; மற்ற இரண்டும் கண்ணுக்குத் தெரியாதவற்றுக்கு. எதிர்ப்பு ஓயவில்லை. 1998இல், 94 வயதில், பரிணாமவியலின் மூத்த அறிஞர் எர்ன்ஸ்ட் மேயர் மூன்றல்ல, இரண்டுதான் என்று எழுதினார். அவருடைய வாதம் எளிதில் தள்ளக்கூடியது அல்ல. வகைப்பாடு என்பது வம்சாவளி மட்டும் அல்ல. எவ்வளவு மாறியிருக்கிறது என்பதையும் அது காட்ட வேண்டும். உட்கரு தோன்றிய பிறகு உயிர் திமிங்கலமாகவும் தேக்காகவும் மனித மூளையாகவும் விரிந்தது. ஆர்க்கியாவும் பாக்டீரியாவும் நுண்ணோக்கியில் பிரித்தறிய முடியாதபடி அப்படியே இருக்கின்றன. இவற்றுக்குள் இருக்கும் வேற்றுமைக்கும் யானைக்கும் பாக்டீரியாவுக்கும் உள்ள வேற்றுமைக்கும் ஒரே மதிப்பா?

நூலக அடுக்கில் தேடுவதற்கு வசதியான பட்டியல்தான் வகைப்பாடு என்றால் மேயர் சொல்வது சரி. பாடம் நடத்தும் ஆசிரியருக்குப் புரோகேரியோட் என்ற சொல் இன்றும் உதவுகிறது. முதுகெலும்பற்றவை என்ற சொல்லும்தான் உதவுகிறது. ஆனால் தோற்றத்தில் வேற்றுமை இல்லை என்ற கூற்று யாருடைய கண்ணை அளவாகக் கொண்டது? நம் கண் எலும்பையும் இலையையும் பார்க்கப் பழகியது. நுண்ணுயிர்கள் வேறுபடுவது வேதியியலில். மேயர் எழுதுவதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 1996இல், கடலடி வெந்நீர்த் துவாரத்திலிருந்து கிடைத்த மெத்தனோகாக்கஸ் என்ற ஆர்க்கியாவின் மரபுத் தொகுதி முழுவதையும் வாசித்திருந்தார்கள்; அதன் மரபணுக்களில் பாதிக்கும் மேற்பட்டவை அதுவரை அறிந்த எவற்றோடும் ஒத்துவரவில்லை. இதைச் சிறு வேற்றுமை என்று சொல்ல, யானைக்குச் சாதகமான தராசு வேண்டும். ஆர்க்கியாக்கள் விபரீத இடங்களில் வாழும் விதிவிலக்குகள், அவற்றுக்குத் தனி டொமைன் எதற்கு என்ற துணைவாதமும் நிற்கவில்லை. 1992இலேயே சாதாரணக் கடல்நீரில் அவற்றின் மரபணுத் தடயம் கிடைத்தது. மனிதக் குடலிலும் அவை குடியிருக்கின்றன. போகிற போக்கில் ஒரு வினோதம்: அவற்றுள் எதுவும் மனிதருக்கு நோய் தரும் என்று இதுவரை உறுதிப்படவில்லை. மருத்துவர்களின் கவனத்துக்கு அவை இவ்வளவு காலம் வராமல் போனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இதைவிடக் கடினமான ஆட்சேபம் வோஸின் ஆதரவாளர்கள் பக்கமிருந்தே வந்தது. நுண்ணுயிர்கள் மரபணுக்களைப் பெற்றோரிடமிருந்து மட்டும் பெறுவதில்லை. பக்கத்தில் இருப்பவரிடமிருந்தும் வாங்கிக்கொள்கின்றன. அப்படியானால் ஒரு மரபணுவின் வம்சம் அந்த உயிரின் வம்சம் ஆகுமா? 1999இல் ஃபோர்டு டூலிட்டில், மரம் என்ற உருவகமே பொருந்தாது, வலை என்று சொல்லலாம் என்று எழுதினார். இதற்குப் பாதி பதில்தான் உண்டு. சர்க்கரையைச் செரிக்கும் மரபணுவையோ மருந்தை எதிர்க்கும் மரபணுவையோ கடன் வாங்குவது எளிது. அது தனியே வேலை செய்யும். ரைபோசோம் ஆர்.என்.ஏ. பல புரதங்களோடு ஒருசேரப் பொருந்த வேண்டியிருப்பதால், அடுத்த வீட்டிலிருந்து கொண்டுவந்து மாட்டுவது அரிது. ஆகவே செல்லின் மைய இயந்திரத்துக்கு ஒரு வம்சாவளி உண்டு, அதை ரைபோசோம் சொல்கிறது என்று வாதிடலாம். செல்லில் உள்ள எல்லாவற்றுக்கும் அதுவே வம்சாவளி என்று வாதிட முடியாது. வோஸின் மூன்று டொமைன்களும் இந்தச் சிறிய, ஆனால் உறுதியான நிலத்தில்தான் நிற்கின்றன.

தன் வாளே

வழக்கு இங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. மூன்று கிளைகள் சரி, எது எதற்கு நெருக்கம்? 1989இல் ஜப்பானிலிருந்து ஒரு குழுவும் அமெரிக்காவிலிருந்து ஒரு குழுவும் தனித்தனியே ஒரே உத்தியைக் கையாண்டன. மூன்று கிளைகளும் பிரிவதற்கு முன்பே இரட்டித்துவிட்ட மரபணு ஜோடிகளை எடுத்து, ஒன்றை வைத்து மற்றதன் வேரைக் கண்டுபிடித்தார்கள். பாக்டீரியா முதலில் பிரிந்தது. ஆர்க்கியாவும் நாமும் அதற்குப் பிறகும் சேர்ந்திருந்து பிரிந்தோம் என்று இரண்டு விடைகளும் சொல்லின. ட்சிலிக் பார்த்த நொதி நம்முடையதைப் போல இருந்ததன் காரணம் விளங்கிற்று. குச்சி வடிவில் சேற்றில் கிடக்கும் ஆர்க்கியா ஈ. கோலைக்கு நெருங்கிய உறவு இல்லை, நமக்குத்தான் நெருங்கிய உறவு.

அப்படியானால் அடுத்த கேள்வி தவிர்க்க முடியாதது. நாம் ஆர்க்கியாவுக்குத் தங்கைக் கிளையா, அல்லது ஆர்க்கியா என்ற கிளைக்குள்ளேயே முளைத்த ஒரு கொப்பா? 1984இலேயே கலிஃபோர்னியாவின் ஜேம்ஸ் லேக், ரைபோசோம்களின் உருவத்தை மின்னணு நுண்ணோக்கியில் ஒப்பிட்டு, கந்தக ஊற்றுகளில் வாழும் ஒரு பிரிவு மட்டும் மற்ற ஆர்க்கியாக்களைவிட உட்கரு உள்ள செல்களுக்கு நெருக்கம் என்று சொல்லியிருந்தார். வோஸ் அதை ஏற்கவில்லை. ஏற்றால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஒரு மூதாதையும் அதன் வழித்தோன்றல்கள் அனைத்தும் சேர்ந்ததே குலம் என்பது வோஸின் சொந்த விதி. அந்த விதியை வைத்துத்தான் அவர் புரோகேரியோட் என்ற கூட்டத்தைக் கலைத்தார். லேக் சரியென்றால், நம்மை வெளியே நிறுத்திவிட்டு மீதியை ஆர்க்கியா என்று அழைப்பதும் அதே குற்றம்: உட்கரு இல்லாத ஆர்க்கியாக்கள் என்று மீண்டும் ஓர் இன்மையை வைத்து ஒரு கூட்டம். மூன்று மறுபடி இரண்டாகும். மேயர் சொன்ன இரண்டு அல்ல. யானையும் ஆலமரமும் நாமும் ஆர்க்கியாவுக்குள் அடங்கும் இன்னொரு இரண்டு.

வோஸ் 2012 டிசம்பர் 30 அன்று இறந்தார். அதற்குள், கிரீன்லாந்துக்கும் நார்வேக்கும் இடையே 3,000 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்திலிருந்து எடுத்த கடலடி வண்டல் ஆய்வகத்துக்கு வந்துவிட்டது. அதில் இருந்த உயிரை யாரும் கண்ணால் பார்த்திருக்கவில்லை; அதன் டி.என்.ஏ.வை மட்டும் 2015இல் வாசித்தார்கள். அது வோஸின் மூன்றுக்குச் சாட்சி சொன்னதா, லேக்கின் இரண்டுக்கா?

(அடுத்த வாரம் தொடரும்)